சர்பேஸ் மாப்பிள்ளை

'அப்' என்றால் நல்லது, 'டவுன்' என்றால் கெட்டது என்று ஆங்கில டீச்சர் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்திருந்தார். விலைவாசி ஏறுவதுகூடவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் லைன் வீடுகளில் அந்தப் பாடம் செல்லுபடியாகாது. ஆண்கள் 'டவுன்' போனால்தான் சம்பளம். 'அப்' வந்தால்தான் நிம்மதி. ஏ பி சி டி தெரியாத பெண்கள்கூடக் குழாயடியில், "உங்க ஊட்டுக்காரரு அப் வந்துட்டாரா?" என்று விசாரிப்பார்கள்.

கல்யாணப் பேச்சிலும் முதல் கேள்வி அதுதான்: "மாப்ள சர்பேசா, அண்டர்கிரவுண்டா?" சுரங்கத்தில் இறங்குகிறவருக்குச் சம்பளம் அதிகம், மேலே ஆபீசில் இருக்கும் சர்பேஸ்காரருக்கு மரியாதை அதிகம். முப்பது வருஷம் இறங்கி, அந்த வருஷம்தான் ரிடையரான என் அப்பா, "என் பொண்ணு ஆக்சிடென்ட் சைரன் கேட்டு ஷாப்ட் வாசலாண்ட ஓடக்கூடாது" என்று இரண்டு நல்ல வரன்களைத் தட்டிக்கழித்தார். அம்மா அப்படி எத்தனை முறை ஓடினாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்தான் கீழே இருந்தாரே.

மூன்றாவதாக வந்தவர் சர்வே ஆபீசில் படம் வரைகிறவர். பூமிக்கு அடியில் இருக்கும் வழிகளையெல்லாம், சட்டையில் மண் படாமல் மேசையில் உட்கார்ந்தபடியே வரைந்துவிடுவார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். உடனே தேதி குறித்துவிட்டார்.

கல்யாணமான எட்டாம் மாதம் என் கணவருக்குப் புரமோஷன் வந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்தார். அப்பா வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் விவரம் சொன்னார். இனி வரைவது வேறு ஆள். இவர் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் இறங்கிப்போய் அளந்து வரவேண்டும்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க."

"புரமோஷன யாராவது வேணாம்பாங்களா மாமா?"

எனக்கும் பயம்தான். ஆனால் ஆபீசர் பெண்டாட்டி ஆகிற ஆசையும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டேன்.

அவர் முதன்முதலாக இறங்கிய அன்று, அப்பாவும் அம்மாவும் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா காபியைத் தொடவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஷிப்ட் முடிந்து அரைமணி ஆகியும் ஆளைக் காணோம். "இன்னும் அப் வர்ல?" என்று என்னையே நாலு தடவை கேட்டார். வீட்டில் கிடக்கிற எனக்கு என்ன தெரியும்?

கடைசியில் தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. நண்பர்களோடு டீ குடித்துவிட்டு ஆற அமர வந்துகொண்டிருந்தார் மனிதர். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"நான் டவுன் போயிருந்த முப்பது வருசம் நீ இன்னாடி பண்ணினு இருந்த?"

அம்மா தலை நிமிரவில்லை.

"சோறாக்கினு இருந்தேன்."