சார் வாங்கிய பங்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலீட்டுப் பயிற்சி நடத்துகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பத்து சதவீதம்'. வாங்கிய விலையிலிருந்து பத்து சதவீதம் இறங்கினால் எந்தப் பங்கையும் யோசிக்காமல் விற்றுவிட வேண்டும் என்று ஒன்பது வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறார். ஒப்பந்த வேலை, மூன்று வளாகம், மூன்று பஸ். நாற்பத்தைந்து வயதில் அறுபது வயதுக் களைப்பு. என் புள்ளியியல் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

இந்த வருடம் முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு மாத பஸ் காசைப் போட்டு நிஜமாகவே பங்கு வாங்கினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பங்குகள் சரிந்தன. செவ்வாய்க்கிழமை வகுப்பில் கைதூக்கி முடிவெடுத்து, விற்றுத் தலைமுழுகினார்கள். மூன்றாவது, ஒரு பம்புசெட் கம்பெனியின் பங்கு. கணக்கறிக்கையை எப்படிப் படிப்பது என்று காட்டுவதற்காக அவரே தேர்ந்தெடுத்தது. அது பன்னிரண்டு சதவீதம் இறங்கியபோது ஒரு கைகூட எழவில்லை.

"சார் எடுத்தது. ஏறிடும் சார்," என்றாள் வகுப்புத் தலைவி.

விதியை நினைவுபடுத்த வேண்டிய மனிதர், "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை காட்டுகிற இடமா அது?

"புள்ளைங்க காசு கரையுதே, கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டேவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை இறக்கம் இருபத்தாறு சதவீதம். "நான் தப்பா எடுத்துட்டேன். வித்துடுங்கப்பா," என்று அவர் சொன்னது தடுப்பைத் தாண்டிக் கேட்டது. அப்போதும் பிள்ளைகள் தயங்கினார்கள்.

"உங்ககிட்டயும் இந்தப் பங்கு இருக்கா சார்?" தலைவிதான் கேட்டாள்.

"இருக்கு. வீட்டுக்காரம்மா வேலையை விட்டப்ப வந்த பணம் மொத்தமும் இதுலதான்."

"அப்ப நீங்க ஏன் சார் விக்கல?"

என் மாணவர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"வித்தா, தொலைச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லணும்மா."

பிறகு, விற்கச் சொல்லித் தூக்கிய கைகளை அவர் உரக்க எண்ணத் தொடங்கினார். முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணினார்.

மணி அடித்து நான் வெளியே வந்தபோது, நடைவழியில் சுவரைப் பார்த்து நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ முதல்ல உக்காரு," என்றார்.