செவ்வந்திக் கொட்டகைக்கு மேலே ஒரு நெபுலா

தேயிலைத் தூளை வெறும் சட்டியில் போட்டு வறுத்தால் எழுவது தேநீரின் வாசனை அல்ல. நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேலே காயப்போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. அந்தச் சூடான தூளை என் பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறைக்குள் கொட்டி, வாயை முடிச்சுப் போட்டு, கேமரா லென்சின் கழுத்தில் மாலை மாதிரி சுற்றி வைப்போம். மலேசியாவின் கேமரன் மலையில் கண்ணாடி மேல் பனி படிய ஐந்து நிமிடம் போதும். காலுறை சூடாக இருக்கும்வரை மட்டும் படியாது. "குடிக்கிற தூளக் காலுல போடுற சாமானத்துல கட்டுதுங்களே, வெளங்குமா இது" என்று மாமி அடுப்படியிலிருந்து கேட்பது எங்கள் ஆராய்ச்சிக்குத் தினமும் கிடைத்த வாழ்த்துரை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினைந்து வயது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுப் பலகை இடுக்குகளில் குளிர் நுழையாமலிருக்க, துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஆங்கில மாத இதழ்களைக் கிழித்து, மரவள்ளிமாவுப் பசை தடவிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள் அம்மா. என் கட்டிலுக்குப் பக்கத்துத் தாள் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படிக்க நான் கட்டில் விளிம்பிலிருந்து தலையைத் தொங்கப்போட வேண்டும். அப்படித் தொங்கித் தொங்கித்தான், வானத்தில் நெபுலா என்று ஒன்று இருப்பதையும், அது நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம் என்பதையும், கண்ணுக்குப் புகை போலக்கூடத் தெரியாததை ஃபிலிம் நிமிடக்கணக்கில் மெல்ல மெல்லக் குடித்துச் சிவப்பாகக் காட்டிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டேன். பெரிய தொலைநோக்கி எதுவும் வேண்டாமாம். சாதாரணக் கேமரா, இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு போல்ட். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன; கேமராவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். ஆகவே இரண்டு பலகையையும் ஒரு பக்கம் கீலால் இணைத்து, கீலிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி ஒரு போல்டைப் போட்டு, அதை நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால் மேல்பலகை மெல்ல எழும்பும். அதன்மேல் உட்கார்ந்திருக்கிற கேமரா வானத்தோடு கூடவே போகும். இவ்வளவும் தலைகீழாகப் படித்தது. இரத்தம் தலைக்கு ஏறிய நிலையில் கற்றதால்தானோ என்னவோ, பிறகு நான் செய்த எல்லாவற்றிலும் கொஞ்சம் கிறுகிறுப்பு இருந்தது.

கேமரா அப்பாவுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டரான அவர், லயத்துக் கல்யாணங்களுக்குப் படமும் எடுப்பார். கல் மாதிரி கனக்கும் ரஷ்யக் கேமரா. ஒரு கல்யாணம் முடிந்து ஃபிலிமில் நாலு படம் மிச்சமிருந்தது. "நாலுதான். அஞ்சாவது எடுத்தே, உன் காது மிஞ்சாது" என்று சொல்லிக் கொடுத்தார். பலகை, பழைய தேயிலைப் பெட்டியில் உடைத்தது. கூட்டாளி, சரோஜா.

சரோஜா பெருமாள் மாமாவின் மகள். என்னைவிட ஒரு வயது பெரியவள், பத்து மடங்கு தைரியசாலி. அம்மாவின் தம்பியான மாமா அதற்கு முந்தின வருடம்வரை எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். கங்காணியோடு வாய் முற்றி வேலையை விட்டு, கியா பார்முக்குக் கீழே ஒரு சரிவில் துண்டு நிலம் பிடித்துச் செவ்வந்தி போட்டார். கொட்டகைக்குள் வரிசையாக பல்புகளைத் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததும் எரியவிடுவார். அந்தச் சரிவில் அப்போது வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. செய்தி தோட்டத்துக்கு வந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் "பெரட்டில்" ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது கங்காணி சத்தமாகச் சொன்னார்: "பூவுக்கு லைட்டு போட்டுப் படிக்க வைக்கிறானாம்லா பெருமாளு! தீபாவளி முடியட்டும், தானா வந்து இங்க நிப்பான். பேரு எழுத நான் ரெடி." அது வந்து சேர்ந்த அன்று மட்டும் மாமா இரண்டு முறை குளித்தார் என்று சரோஜா சொன்னாள். அந்தத் தீபாவளிக்குப் பூ சரியாக வராவிட்டால், மாமா மறுபடி அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்டு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். மலையில் சமமான இடம் தேடினால் மாமாவின் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிதான் அகப்பட்டது. அதன்மேல் ஒரு குச்சியை நிறுத்தி, உச்சிவெயிலில் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று காத்திருந்து, அதன் மேலேயே கரியால் கோடு இழுத்தோம்; அது வடக்கு தெற்கு. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் கீலைத் திருப்பச் சொல்லியிருந்தது தலைகீழ்த் தாள். அதை எழுதியவருக்கு எங்கள் ஊர் தெரியாது. இங்கே அது அடிவானத்தை ஒட்டி, மலைக்குப் பின்னால் நிரந்தரமாக ஒளிந்திருக்கிறது. ஆகவே கீலைக் கரிக்கோட்டின் மேல் வைத்து, வடக்கு முனையைக் கொஞ்சமே தூக்க அடியில் இரண்டு தீப்பெட்டி கொடுத்தோம்.

எல்லாம் சரி, தொட்டிக்கு நேர் கீழே மாமாவின் கொட்டகை. அந்த வெளிச்சத்தில் மூடுபனி முழுதும் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி மின்னும். அதன் நடுவே எங்கே நெபுலா?

அந்த வாரம் மாமா முட்டைக்கோஸ் லோரியில் துணைக்குப் போக வேண்டியிருந்தது. நாலு ராத்திரி வரமாட்டார். "ஏழு மணிக்குப் போடணும், பத்து மணிக்கு அணைக்கணும். வேற ஒண்ணும் பண்ண வேணாம் மருமவனே, பண்ணாம இருந்தாலே போதும்" என்றார். விளக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குளிருக்கு என்று நான் நினைத்தேன். திருடனுக்கு என்று சரோஜா நினைத்தாள்.

"அரை மணி நேரம்தானே, அணைச்சிட்டுப் போட்டுருவோம்" என்று சுவிட்சை இழுத்தவள் அவள். மாமி எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். எட்டரைக்கு அணைத்தோம், எட்டு முப்பத்தைந்துக்கு மூடுபனி ஏறியது. இதோ விலகிவிடும், இன்னும் இரண்டு நிமிடம் என்று காலுறையை மாற்றி மாற்றிச் சூடேற்றியபடி உட்கார்ந்திருந்ததில் பத்து மணி ஆகிவிட்டது. பத்துக்குத்தான் எப்படியும் அணைக்க வேண்டுமே, பிறகு எதற்கு மறுபடி போடுவது? மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே.

நாலாவது இரவு வானம் திறந்தது. எங்கள் நெபுலா இருக்கிற தனுசுப் பக்கம் பால்வெளி தடித்து, தொட்டால் கையில் ஒட்டும் போலக் கிடந்தது. சரோஜா விநாடி எண்ணினாள். பதினைந்துக்கு ஒரு கால் சுற்று நான் திருகினேன். முதல் படத்துக்கு, பதற்றத்தில், ஐந்து நிமிடமும் தப்பான பக்கம் திருகினேன். "ஏய் குணா, பலகை கீழ எறங்குதுடா!" என்று அவள் கத்திய பிறகுதான் தெரிந்தது. இரண்டாவதில் தும்மினேன். மூன்றாவது ஒழுங்காகப் போனது. நாலாவதில் மூடுபனி திரும்பி வந்தது. நாங்கள் கேமராவைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றிக்கொண்டு, விளக்கு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினோம்.

மாமா திரும்பி வந்த மறுநாள், திரிங்காப்பிலிருந்து ஒருவர் கொட்டகையைப் பார்க்க வந்தார். மாமா அவருக்கு விளக்கினார்; நான் பக்கத்தில் பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தேன்.

"ராத்திரி நீளமாச்சுன்னா செடி மொட்டு வச்சிரும். அதான் லைட்டப் போட்டு, இன்னும் பகல்தான்டான்னு ஏமாத்தி வச்சிருக்கேன். அடுத்த மாசம் அணைப்பேன். அணைச்சா ரெண்டே மாசம், தீபாவளிக்கு மொத்தமும் ஒண்ணா பூக்கும். நடுவுல நாலு நாளு இருட்டக் காட்டிட்டோம்னா போச்சு, அதுங்க இஷ்டத்துக்குப் பூத்துட்டு நிக்கும்."

வாயிலிருந்த பலாக்கொட்டையை முழுசாக விழுங்கினேன். நாலு நாள் என்று அவர் வாயிலேயே வந்தது பாருங்கள்.

அன்றிலிருந்து நான் மனிதனாக இல்லை. தூங்கினால் பூ, எழுந்தால் மொட்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி வீதம் ஆறு மணி நேர வெளிச்சத்தைச் செடிகளிடமிருந்து பிடுங்கிவிட்டோம். சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்து, மாமா விளக்கை அணைத்துவிட்டுப் போனதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன். முதல் செடிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்ற பிறகு கணக்குப் போட்டேன். இரண்டாயிரம் செடி, செடிக்கு ஆறு மணி, இரவுக்கு இரண்டு மணி நேரம் நின்றால் பதினாறு வருடத்தில் முடியும். முப்பத்தொரு வயதில் நிம்மதி. அப்படியும் நான் விட்டேனா? தீபாராதனை காட்டுவது மாதிரி டார்ச்சைச் சுற்றிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன்.

மூன்றாம் நாள் மாமா பிடித்துவிட்டார். "யார்ரா அது?"

"நான்தான் மாமா. பூச்சி... பூச்சி பாக்குறேன்."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். மறுநாள் கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "பெத்த மவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்லா" என்று சொல்லி, எனக்குப் "பூச்சிக் கங்காணி" என்று பட்டமும் சூட்டினார். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சனிக்கிழமைதோறும் பூச்சி பார்க்கப் போனேன்.

செப்டம்பர் முதல் வாரம், முதல் மொட்டைப் பார்த்தேன். மிளகளவு. கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த செடியில் இன்னொன்று. முதலில் நட்ட இரண்டு பாத்திகளிலும் தலைக்குத் தலை மொட்டு. என் கால்சட்டைப் பை இரண்டும் நிறைந்தன.

"சொல்லிடுலா" என்றாள் சரோஜா.

"நீதானே சுவிட்ச இழுத்தே!"

"ஆமா, நான்தான். வா, ரெண்டு பேரும் போலாம்."

"அடுத்த சனிக்கிழமை போலாம்" என்றேன் நான். வீரன்.

அன்று சாயங்காலமே மாமா கூப்பிட்டார். "மருமவனே, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. தலைகீழ்த் தாளில் தொடங்கி, கீல், காலுறை, நாலு ராத்திரி, டார்ச்சு, பூச்சி இல்லாத பூச்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி, பைகளையும் வெளியே இழுத்து மொட்டுகளைத் தரையில் கொட்டினேன். சரோஜா என் பக்கத்தில் வந்து நின்று, "சுவிட்ச அணைச்சது நான்தான்ப்பா" என்றாள். மாமா குனிந்து ஒரு மொட்டை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தார். பிறகு, "உங்கப்பா கேமராவக் கொண்டாந்து தீபாவளிப் பூவ ஒரு படம் எடுப்பியான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்டா" என்றார்.

அடிக்கவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். பிந்தி நட்ட இளஞ்செடிகள் நாலு பாத்தியும் எங்கள் இருட்டுக்கு ஏமாறாமல் பச்சையாகவே இருந்தன. வெளியே வந்தவர், முதல் இரண்டு பாத்திக்கு மேலிருந்த பல்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இதுங்க வழில இதுங்க போவட்டும். இனி இது மேல உன் டார்ச்சு பட்டுச்சு, பல்ப உன் வாய்ல மாட்டிருவேன்."

அந்த இரண்டு பாத்தியும் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், கொஞ்சம் சிறுத்த தலையோடு, மஞ்சளாகப் பூத்தன. அப்பா சொல்லி, தொழிற்சாலை ஆயுத பூஜைக்கு எடுத்துக்கொண்டார்கள். என் தண்டனை, தேயிலை உருட்டும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் மாலை கட்டிப் போடுவது. மாமாவும் வந்திருந்தார். கங்காணி வந்தார், ஒரு பூவை விரலால் நிமிர்த்தினார்.

"என்ன பெருமாளு, தீபாவளிப் பூவு அவசரப்பட்டுருச்சு போல?"

மாமா பூக்கூடையை இறக்கிவைத்தார்.

"இது ஆயுத பூஜைக்குன்னே தனியா வளத்தது. தீபாவளிக்கு நாலு பாத்தி இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க பூச்சிக் கங்காணி யோசனை."

தீபாவளிக்கு நாலு பாத்தியும் ஒன்றாகப் பூத்தன. மாமா பெரட்டுக்குப் போகவில்லை.

கல்யாணப் படங்கள் வந்தபோது எங்கள் நாலும் வரவில்லை. கடைசி நாலும் வெறும் இருட்டு என்று ஸ்டூடியோக்காரர் அச்சிடவில்லை. "மூடியக் கழட்டுனியாடா?" என்றார் அப்பா. கழற்றினேனா என்று எனக்கே சந்தேகம் வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். சரோஜாதான் நெகட்டிவை ஜன்னலில் பிடித்து, மூன்றாவதில் மிளகுத் தூள் மாதிரி புள்ளிகளைக் கண்டு, சண்டை போட்டு அச்சிட வைத்தாள். நூறு நூறாக நட்சத்திரம். நடுவே, குங்குமத்தை விரலில் எடுத்து ஒற்றின மாதிரி, ஒரு சிவப்பு.

மாமாவிடம் காட்டினோம். "மேகம் மாமா. இந்த வெளிச்சம் அங்கேருந்து வந்து சேர நாலாயிரம், அய்யாயிரம் வருஷம் ஆவுதாம்."

மாமா படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "அய்யாயிரம் வருஷம் வந்ததுக்கு இன்னும் மூணு வாரம் பொறுக்கத் தெரியாதாடா? நானே லைட்ட அணைச்சிருப்பேன்லா."



போன வருடம் போயிருந்தேன். மாமா இல்லை. லயம் இடிந்து, தலைகீழ்த் தாளும் போய்விட்டது. பூத்தோட்டம் சரோஜாவுடையது. அந்தச் சரிவில் அன்று ஒற்றைக் கொட்டகை மினுங்கியது. இன்று பிரிஞ்சாங் பக்கமிருந்து திரிங்காப்வரை மலையே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வானம் ஆறிப்போன பால்தேநீர் நிறத்தில் இருந்தது. அதில் ஏழெட்டு நட்சத்திரம். தனுசு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"பத்து நிமிஷம் அணைக்கட்டா?" என்றாள் சரோஜா, கண்ணில் அதே பழைய திருட்டுத்தனத்தோடு. நான் "வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் சுவிட்சை இழுத்துவிட்டாள். பக்கத்துக் கொட்டகைகளின் வெளிச்சத்தில் வானம் இம்மியும் மாறவில்லை என்று அவள்தான் பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. அந்தப் பத்து நிமிடமும் நான் மேலே பார்க்கவே இல்லை. கைத்தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு செடிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.