வயலில் கட்டிய படம்

"மற்ற ரெண்டு றீலுமோ? வயலிலை கட்டியிருக்கு, தம்பி. கிளி ஒண்டும் கிட்ட வராது."

தியேட்டர் முதலாளி வெற்றிலையை மென்றபடிதான் சொன்னார். நான் அவருடைய தியேட்டரில் படம் ஓட்டியவன்.

சண்டையால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது தியேட்டர் சாமான்களைக் கண்டாவளையில் அவருடைய நெல்லுக் கொட்டிலில் போட்டோம். அதற்குள் மூன்று றீலில் ஒரே ஒரு பேசாப்படம். பெயர் விழும் துண்டு இல்லை. வேறு பிரதி எங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதுமில்லை.

1. வெயில்

கரண்ட் இல்லை, ஜெனறேற்றருக்கு எண்ணெயும் இல்லை. பேசும் படமெல்லாம் ஊமையாய்க் கிடந்தது. பேசாப்படத்துக்கோ வெளிச்சமும் ஒரு கையும் போதும். நாங்கள் தங்கிய அகதி முகாமின் கொட்டிலைச் சாக்கால் இருட்டாக்கி, அலுமாரிக் கண்ணாடியால் வெயிலைப் புரொஜெக்ரருக்குள் திருப்பி, முதல் றீலைக் கையால் சுழற்றினேன். கை நின்றால் சூட்டில் பிலிம் தீப்பற்றும். நிற்கவிடவில்லை.

ஒரு தையல்காரன். கலியாணப் பெண் திரும்ப வரவேண்டுமென்றே அவளுடைய சட்டையை ஒவ்வொரு முறையும் பிழையாய்த் தைக்கிறான். அவளும் தெரிந்தே வருகிறாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எத்தனை காலம் கேளாத சத்தம்! மாப்பிள்ளை கடை வாசலில் வந்து நிற்க, றீல் முடிந்தது.

முதலாளியின் வயலில் கூலிக்குப் போகும் மலையகத்துப் பவளம் எழும்பினா.

"அண்ணே, அந்தப் புள்ள யாரக் கட்டுச்சு? சொல்லாமப் போனீங்க, மிசின ஒளிச்சு வச்சிருவேன்!"

"நாளைக்கு மிச்சம் காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த மிச்சத்தைக் கேட்கப் போனபோதுதான் முதலாளி வயலைக் காட்டினார்.

2. வயல்

பிலிமைத் தடிக்குத் தடி இழுத்துக் கட்டியிருந்தது. மாரி மழை படம் முழுவதையும் கழுவிவிட்டது. வெறும் கண்ணாடி நாடா. அதன்மேல் ஒரு கிளி ஊஞ்சலாடியது.

"அது படம், முதலாளி!"

"சத்தமில்லாத படத்தை ஆர் பாப்பினம்?"

"நேற்று ஒரு முகாமே பாத்தது!"

"அப்ப ஒரு றீல் கிடக்குத்தானே. அதையே திருப்பித் திருப்பிக் காட்டன்."

முகாமுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அந்தாளு வயல்ல இனி நான் அருவா வைக்க மாட்டேன்" என்றா பவளம். வைக்கவுமில்லை.

றீல் தொடும் பிள்ளைகளே, முதலாளியின் சாமான்தானே என்று என்னைப்போல் விலகி நில்லாதேயுங்கோ. களவெடுங்கோ. அடியைப் பிறகு வாங்கலாம். அந்தப் பெண் யாரைக் கட்டினாள் என்று சொல்ல இன்றைக்கு ஒரு சீவன் இல்லை.