சாமியக்கா தொலைத்த சாவி

பூட்டுவதில் சாமியாத்தாளை மிஞ்ச ஆள் கிடையாது. போத்தனூரில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். என்னைவிட மூத்தவள் என்பதால் சாமியக்கா என்று கூப்பிடுவேன். சர்க்கரை டப்பா வைக்கிற அலமாரிக்குக்கூடப் பூட்டுப் போடுவாள். பூட்டியபின் பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். பீரோ சாவியைக் கட்டின புருஷனிடமும் தந்ததில்லை. மில்லில் வேலை பார்க்கிற கந்தப்பண்ணன் சம்பளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, துவைத்த வேட்டிக்காகப் பீரோ முன்னால் காத்து நிற்பார்.

தொண்ணூற்று நாலில் அண்ணனுக்குக் குடலிறக்கம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து உக்கடத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் சாமியக்கா மஞ்சப்பையைத் தொலைத்தாள். இ.எஸ்.ஐ. கார்டு, ரேஷன் கார்டு இரண்டும் அதில்தான் இருந்தன. என்றைக்கும் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தையும் அன்றைக்குக் கொக்கி உடைந்துபோனதால் பைக்குள் போட்டிருந்தாள். வாசல் பூட்டைக் கல்லால் உடைத்துத்தான் வீட்டுக்குள் போனாள். இரும்பு பீரோ கல்லுக்கெல்லாம் மசியவில்லை.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அது போதாதா? மறுநாளே ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தாள். எடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. பொருள் கிடைத்துவிட்டால் மறுபடி போய்க் கல்லைக் குளிர வைக்க வேண்டும். ராசம்மா என்று என் பெயரை அவள் சொல்லவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஆத்தா காட்டுவாள் என்று மட்டும் சொன்னாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு ஒன்றும் எரியவில்லை, வயிற்றைத் தவிர. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் பட்டது நாய் படாத பாடு. கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர முடியாது. மில்லில் போய்ப் புது கார்டு கேட்டால் ரேஷன் கார்டு எங்கே என்றார்கள். ரேஷனுக்குப் போனால், தொலைந்ததற்குப் போலீசில் எழுதி வாங்கி வா என்றார்கள். போலீசிலோ, பழைய கார்டின் ஜெராக்ஸாவது கொண்டு வந்து காட்டு என்றார்கள். ஜெராக்ஸ் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி பைக்குள் இருந்தது. பை எந்த மகராசன் கையில் இருந்ததோ! ஆபரேஷன் தேதி நெருங்க நெருங்க, அண்ணன் நிமிர்ந்து நடப்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் கோட்டைமேட்டிலிருந்து சாவி போடுகிற ரசாக் பாயைக் கூட்டி வந்தாள். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பக்கத்து ஊட்டுக்காரங்க யாராச்சும் வந்து, இது உங்க பீரோதான்னு சொல்லோணும். அப்பத்தான் நான் கை வெப்பேன். பொழப்பு அப்படிங்க."

கந்தப்பண்ணனே உள்ளே கிடக்கிறார் என்றாள். வீட்டு ஆள் சொல்வது கணக்கில்லை என்று சொல்லிவிட்டார் பாய். எங்கள் வரிசையில் மற்றவர்களெல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சாமியக்கா என்னைப் பார்த்தாள். கேட்க எந்த முகம் இருக்கிறது?

இவள் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் பாய் சைக்கிளில் ஏறிப் போயிருப்பார். அப்போது உள்ளேயிருந்து அண்ணன் முனகுகிற சத்தம் கேட்டது. முறத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

"இவிய சாமியாத்தாளுங்க. ஊடும் பீரோவும் இவியளுதுதானுங்க. அடுத்தவிய பொருளைத் தொடற ஆளுக இந்த வரிசையிலயே இல்லீங்க."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். சாமியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பாய் பீரோவைத் திறந்து, அந்தப் பூட்டுக்கே புதுச் சாவி ராவிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு காகிதமாக நகர்ந்தது. ரேஷன் ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவரும் என் வாசலில்தான் நின்றார். அவரிடமும் அதையே சொன்னேன். தேதிக்கு முன்னால் இ.எஸ்.ஐ. கார்டு வந்துவிட்டது. அப்போதும் எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு அவளுக்குத் துணைக்கு ஆளில்லை. கூப்பிடாமலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு மாற்று வேட்டி கேட்டார்கள். கொண்டு வர மறந்துவிட்டிருந்தாள். இடுப்பிலிருந்து பீரோ சாவியைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள்.

"மேல் தட்டுல வேட்டி இருக்குது அம்மணி. எடுத்துட்டு வா."

நான் கையை நீட்டவில்லை. "ஏனுங்கக்கா, இதும் தொலைஞ்சுபோச்சுன்னா மறுபடியும் மொளகா அரைப்பீங்களா?"

"போன செவ்வாக்கெழமையே ஆனைமலைக்குப் போயி, கல்லைக் குளிர வெச்சுட்டு வந்துட்டேன்."

பை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன்.

"அது எங்க கெடைக்குது. ராசம்மா எடுக்கலை, அவளை உட்டுரு ஆத்தான்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. சாவியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து வேட்டியை எடுத்தேன். பீரோவைப் பூட்டி, அவளைப் போலவே பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.