சுதன் வார்த்த கட்டி

நேற்றுக் கோப்பாயில் பக்கத்து வளவில் கொங்கிறீற் குழைத்தார்கள். ஈரச் சீமெந்தின் மணம் வேலி தாண்டி வந்தது. மேசன் வாளியிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். "போதும்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்து வந்தவன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, பொறியியல் மாணவர்களின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. பிள்ளைகள் கொங்கிறீற் கட்டி வார்த்து, தொட்டியில் ஊறவைத்து, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் நெரிப்பார்கள். எவ்வளவு பாரம் தாங்கியது என்ற எண் மட்டும் முதல்நாளே பலரின் கொப்பியில் ஏறிவிடும். போன வருடத்து அறிக்கையைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். அந்த அறிக்கைகள் என் அலுமாரியில் கிடந்தன.

"அண்ணைதான் எங்கடை உண்மையான லெக்சரர்" என்று பகிடி விடுவார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சுதன் தொண்டைமானாற்றிலிருந்து வந்தவன். கொங்கிறீற் பாடத்தில் இரண்டு தரம் தவறியிருந்தான். மூன்றாவதும் தவறினால் படிப்பே போய்விடும். வார்த்த அன்று குழைக்கக் கைநோக, ஒரு கோப்பை தண்ணீர் கூடுதலாக விட்டான். கண்டேன், பேசாமல் நின்றேன். இருபத்தெட்டாம் நாள் அந்தக் கட்டி, தாங்கவேண்டிய பாரத்தின் பாதியிலேயே நொறுங்கியது.

"மெஷின் பிழை போலை, அண்ணை."

"இல்லைத் தம்பி... அண்டைக்குத் தண்ணி கூடிப்போச்சு. அதையே எழுதுமன்."

"உங்களுக்கென்ன விசரே? பிழை விட்டனான் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ? இந்தமுறையும் போனா அம்மான்ரை முகத்திலை முழிக்கேலாது. பழைய ரிப்போர்ட்டைத் தாங்கோ."

கொடுத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் ஆசிரியர் நொறுங்கிய துண்டை மேசையில் வைத்தார். "இதுவோ நீர் எழுதின பாரத்தைத் தாங்கினது? ஏன் உடைஞ்சது எண்டு மட்டும் சொல்லும், அது காணும்."

தண்ணீர் கூடியது என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. கதவடியில் நின்ற நானும் சொல்லவில்லை.

மூன்றாந் தரமும் தவறினான். "போட்டு வாறன், அண்ணை" என்று போனவன்தான், திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அலுமாரியைப் பூட்டினேன். தொட்டி விளிம்பில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கண்டதைக் கண்டபடி, பிழையையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒவ்வொரு பிள்ளையிடமும் கெஞ்சினேன். சிலர் எழுதினார்கள்.

இப்போது பழைய அறிக்கைகள் போனுக்குப் போன் பறக்கின்றன. அவற்றைப் பூட்ட என்னிடம் திறப்பில்லை. தொட்டியை இடித்துவிட்டார்கள், பென்சிலும் போயிற்று. பச்சைப் பெயின்ற்றில் சுதனின் பெயர் பாதி தெரிய, அந்த நொறுங்கிய துண்டு மட்டும் நெடுநாள் ஆய்வுகூடக் கதவு மூடாதபடி அடைகொடுத்துக் கிடந்தது. போன மாதம் கூளத்தோடு அதையும் அள்ளினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு தானாக மூடிக்கொண்டது.