எனக்குக் காது கேட்குமென்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால்தான் இருவரையும் சேர்த்து வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, அப்பா தொழிற்சாலையில் கொழுந்து சுமந்தார். அம்மா தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளினாள். நான் வயிற்றில் இருக்கும்போதே லயத்தில், அந்த நீளமான கூலி வீட்டு வரிசையில், எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்: இதுவும் ஊமையாகத்தான் பிறக்கும்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. ஏழாம் மாதத்தில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாள். உள்ளே கொழுந்து உருட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நான் துள்ளினேனாம், நின்றதும் அடங்கினேனாம். அதற்காகவே பிறகும் பல நாள் அங்கே போய் நின்றதாக, நான் வளர்ந்தபின் கையால் சொன்னாள். துள்ளியது சத்தத்துக்கா, சுவரின் அதிர்வுக்கா, எனக்குத் தெரியாது.

பிறந்த பிறகு என் தலைமாட்டில் பித்தளைத் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். நான் உதறி அழுதேன். லயத்துப் பெண்களிடம் என்னைத் தூக்கிக்கொண்டு போய், என் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கிறது என்று தலையை ஆட்டினாள். பாவம், ஆசைப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மற்ற பெண்கள் பிள்ளைகளை ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அம்மா விடவில்லை. என் அழுகை அவளுக்குக் கேட்காது. முதுகில் கட்டியிருந்தால் என் நெஞ்சு விம்முவது தெரியும். இரண்டரை வயது வரை அப்படித்தான் வளர்ந்தேன். அம்மாவிடம் கையாட்டிப் பேசியவர்கள் என்னிடமும் கையாட்டியே பேசினார்கள். நானும் கையைத்தான் ஆட்டினேன். வாயில் ஒரு சொல் வரவில்லை.

கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்; பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓர் ஆடு கத்தியது. திரும்பிப் பார்த்தேன். அத்தை அதைக் கவனித்துவிட்டார். வேண்டுமென்றே என் முதுகுப்பக்கம் போய் மெல்லக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பினேன்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதுங்க," என்றார் அங்கிருந்த கங்காணியின் மனைவியிடம்.

"காது கேட்டா இந்நேரம் பேசிருக்கும்லா?"

"அதுகிட்ட யாரு பேசுனாங்க? நீங்க பேசுனீங்களா, நான் பேசுனனா?"

மறுநாள் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக அத்தை என்னைக் கேட்டு வந்தார். அம்மா என்னை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் அத்தை விடாமல் வந்தார். கடைசியில் அப்பாதான் அம்மாவின் தோளிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். அன்று முழுவதும் அம்மாவுக்கு வேலையில் கை ஓடவில்லையாம்.

கஞ்சி காய்ச்சும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் அத்தை என்னிடம் ஓயாமல் பேசினார். மூன்று மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அம்மாவைக் கண்டதும் நான் "ஊடு" என்றேன். வீட்டை அத்தை அப்படித்தான் சொல்வார். அத்தை ஓடிவந்து அம்மாவின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

சொன்னேன். அம்மா கையை எடுக்கவே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

லயம் முழுவதும் தெற்கத்தித் தமிழ் பேச, எனக்கு வாய்த்தது சித்தூர்த் தமிழ். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாலக்காட்டுக்காரி என்றே நினைத்தார்கள். முகம் அப்படியே அம்மா. கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். இதில் ரத்தத்தில் வந்தது எது, வளர்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது எது என்று பிரிக்கப் பார்த்திருக்கிறேன். முடிந்ததில்லை.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாமியார் கவலைப்பட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. வயிற்றில் இருந்தபோதே பேச ஆரம்பித்தேன். பிறந்தபின் வாயாலும் கையாலும் பேசினேன். அவனுக்குக் காது கேட்டது. பேச்சு வர ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவனும் என் அம்மாவும் கையாலேயே ஏதோ பேசிச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.