வெயில் பட்டால் தும்மும் ராமலெட்சுமி

கடலுக்கு அடியில் இருக்கும்வரை ராமலெட்சுமிக்குத் தும்மல் வராது. அங்கே வெளிச்சம் பழைய பச்சைக் கண்ணாடிப் புட்டிக்குள் இருப்பதைப் போல மங்கிக் கிடக்கும். எடைக்கு விற்பதற்காக, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைத் துணி சுற்றிய விரல்களால் பிடுங்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணிப்பாள். மூச்சு முட்டும்போது காலை உதைத்து மேலே வருவாள். தலை வெளியே வந்ததும் முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள். பாம்பன் வெயில் நேராக முகத்தில் விழும். மூக்குத் தண்டுக்குப் பின்னால் யாரோ கோழி இறகால் ஒரு கோடு இழுத்த மாதிரி இருக்கும். வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு கணம் எதுவும் நகராது. அலைகூட நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்புறம் தும்மல்.

சுற்றிலும் தலை மட்டும் தெரிய மிதக்கும் பெண்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ராமு மேல வந்துட்டா" என்று ஒருத்தி சொல்வாள். இன்னொருத்தி மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போவாள்.

பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான். குடிசைக்குள் இருட்டாக இருக்கும். வாசலுக்கு வந்தால் மணலும் கடலும் சேர்ந்து கண்ணைப் பறிக்கும். தவழ்ந்து வாசலைத் தாண்டுகிறபோதெல்லாம் குழந்தை தும்மும். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கும் அவளுடைய அய்யா கையை நிறுத்தாமல், "நூறு" என்பார். அடுத்த தும்மலுக்கு "இருநூறு" என்பார். தன் மகளுக்கு ஆயுசு கூடிக்கொண்டே போவதாக அவர் உண்மையிலேயே நம்பினார். தாயில்லாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

வளர வளர அந்தத் தும்மலே அவளுக்கு வினையாயிற்று. ஊரில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், ராமலெட்சுமி வாசலில் நிற்கிறாளா என்று முதலில் எட்டிப் பார்ப்பார்கள். ஒற்றைத் தும்மல் காரியத்தைக் கெடுக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கோபப்படவில்லை. வெயிலேறும் நேரத்தில் உள்ளேயே இருந்து, கூரைக் கீற்றில் விழுந்த ஓட்டை வழியாகத் தரையில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோவாள். தும்மல் வருவதற்கு முந்தைய அந்தக் கணம், வரப்போகிறது ஆனால் இன்னும் வரவில்லை என்கிற அந்த இடம், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஊஞ்சல் மேலே போய்த் திரும்புமுன் அந்தரத்தில் நிற்குமே, அப்படி.

மூக்கையூர்ப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்தது. முற்றத்துப் பந்தலில் வெற்றிலைபாக்கு மாற்றப் போகும் நேரத்தில் பெண்ணை வெளியே அழைத்தார்கள். கூரைக்குள்ளிருந்து அவள் வெளியே கால் வைத்தாள். பந்தலின் இடைவெளியில் ஒரு துண்டு வெயில். ஒற்றைத் தும்மல். மாப்பிள்ளையின் அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு நாள் வாரோம்" என்றார்கள். வரவில்லை.

அன்று சாயங்காலம் அய்யா கடற்கரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவுக ஊருல வெயிலே அடிக்காது போல" என்றார். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணில் நீர் வந்தது.

அடுத்து வந்தது உள்ளூர்ச் சம்பந்தம். நம்புராஜன், நண்டு வலைக்குப் போகிற வள்ளக்காரன். இந்தத் தடவை அய்யா உஷாராக, விளக்கு வைத்த பிறகுதான் நிச்சயத்தை நடத்தினார். கல்யாணத்திலோ வீடியோக்காரர் இருந்தார். அவர் விளக்கை அவள் முகத்துக்கு நேரே திருப்பும்போதெல்லாம் அவள் தும்மினாள். ஆல்பத்தில் பாதிப் படங்களில் மணப்பெண்ணுக்குக் கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். பக்கத்தில் நம்புராஜன் கேமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். விளக்கு வந்தால் தும்மல், விளக்கு போனால் இல்லை. அதை அவன் அன்றைக்கே கவனித்துவிட்டான். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மாமியார் நாகலெட்சுமி கெட்டவள் இல்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மகன் வலையைத் தோளில் ஏற்றினாலே அவள் வானத்தையும் காற்றையும் பார்ப்பாள். கல்யாணமாகிச் சில நாள்களில், விடிந்து வெகுநேரம் கழித்து அவன் கிளம்பிய ஒரு காலையில், வழியனுப்ப வாசலுக்கு வந்த ராமலெட்சுமி தும்மினாள்.

"ஏலே, உக்காரு" என்றாள் நாகலெட்சுமி. "ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு, செத்த நேரம் கழிச்சுப் போ."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். அவள் மறுபடி தும்மினாள். அன்றைக்கு அவன் கடலுக்குப் போகவில்லை.

அதன்பிறகு அவன் கிளம்பும் நேரத்தில் ராமலெட்சுமி அடுப்படியை விட்டு வருவதில்லை. சாம்பலைக் கிளறிக்கொண்டு, அவன் காலடிச் சத்தம் மணலில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் போவது அவனுக்குத் துடுப்பில்லாமல் வள்ளம் எடுப்பது போல இருந்தது.

ஒரு நாள் அவன் அடுப்படிக்கே வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கண்ணைச் சுற்றிக் கட்டினான்.

"என்ன பண்றீக? அத்த பாக்குறாக."

"பாக்கட்டும். பாக்கத்தான் கூப்புடுறேன். ஏத்தா, இங்கன வா."

நாகலெட்சுமி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவன் ராமலெட்சுமியின் கையைப் பிடித்து, படி இறக்கி, முற்றத்தில் வெயில் கொட்டுகிற இடத்தில் நிறுத்தினான். காலுக்கடியில் மணல் சுட்டது. துண்டுக்குள் எல்லாம் சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கையில் நண்டு வாசனை. இப்படியே சாகும்வரை நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தும்மல் வரவில்லை.

"தும்முறாளா?" என்று கேட்டான் நம்புராஜன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். அவன் துண்டை உருவினான். வெயில் கண்ணில் பாய்ந்தது. அவள் தும்மினாள்.

"பாத்தியா? என்னையப் பாத்துத் தும்மல. நான் போறதுக்கும் தும்மல. சூரியனப் பாத்துத் தும்முறா."

நாகலெட்சுமி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "அப்ப சகுனத் தடங்கல் சூரியனுக்குத்தானா?" என்றாள்.

"அது பாட்டுக்குத் தெனமும் வந்துக்கிட்டுத்தான இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகலயே" என்று சொல்லிவிட்டு அவன் வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டுக்காரி முதலில் சிரித்தாள். நாகலெட்சுமி சிரிக்கவில்லை, ஆனால் தண்ணீர் குடிக்கச் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து ராமலெட்சுமி வாசலில் நின்று வழியனுப்பினாள்.

மாமியாரோடு பாசி எடுக்கப் போகத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். முதல் நாள் மேலே வந்த வேகத்தில் தும்மி, அலையை அப்படியே உள்ளே இழுத்து, மூக்கும் தொண்டையும் எரிய வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவது, முதலில் மூச்சை நிறைப்பது, அப்புறம் மெதுவாகக் கண்ணைத் திறந்து வெயிலை உள்ளே விடுவது. தும்மல் அவள் சொன்ன நேரத்துக்கு வர ஆரம்பித்தது. பெண்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். தும்மல் கேட்டால் ராமு மேலே, கேட்காவிட்டால் ராமு கீழே.

அப்படிப் பழகியதுதான் ஒரு புரட்டாசி மாதத்தில் ஆபத்தாக முடிந்தது.

அன்று காலையில் வானம் நன்றாகத்தான் இருந்தது. கரைக்கு எதிரே இருக்கும் சின்னத் தீவுக்கு அந்தப் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். ராமலெட்சுமி கீழே இருந்தபோதே பச்சை வெளிச்சம் சாம்பல் நிறமாக மாறியது. மீன்கள் இருட்டில் கரைந்தன. அவள் மேலே வந்து கண்ணைத் திறந்தாள். வெயில் இல்லை. கருமேகம் கடல்மேல் கவிழ்ந்து கிடந்தது. தும்மல் வரவில்லை.

வள்ளத்திலிருந்து வெகு தூரம் தள்ளி வந்திருந்தாள். நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டம் ஒவ்வொரு முங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அவளை இழுத்துப் போயிருந்தது. நீந்திப் பார்த்தாள், தூரம் குறையவில்லை. "அத்த" என்று கத்தினாள். காற்று அவள் குரலை வாயிலிருந்தே பிடுங்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோயிற்று. மழை இறங்கியது. வள்ளமும் மறைந்தது.

அங்கே வள்ளத்தருகில் தும்மல் கேட்காததால் அவள் இன்னும் கீழேயே இருக்கிறாள் என்று நினைத்தார்கள். நேரமாகியும் அவள் வராததால் நாகலெட்சுமி தன் பையை அவிழ்த்து வள்ளத்துக்குள் எறிந்தாள். அவள் முங்கினாள். பாறைப் பாறையாகத் தடவினாள். மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி முங்கினாள். "போதும்க்கா, மேல ஏறு" என்று மற்றவர்கள் இழுத்தபோது கையை உதறிவிட்டு முங்கினாள். மருமகளை அவள் தேடியதெல்லாம் கடலுக்கு அடியில்தான்.

ராமலெட்சுமிக்குக் கால் மரத்துவிட்டது. பாசி நிறைந்த பையை அவிழ்த்துக் கடலில் விட்டாள். மல்லாந்து படுத்து மிதந்தாள். கத்துவதையும் விட்டுவிட்டாள். காது தண்ணீருக்குள் இருந்தது. மழைத்துளிகள் கடலில் விழும் சத்தம் கீழேயிருந்து கேட்டது, யாரோ வெகு தொலைவில் அரிசி புடைப்பது போல. குளிர் தெரியவில்லை. கடல் எது, மழை எது, தான் எது என்று பிரிக்க முடியாத ஒரு நிலை. அய்யா எங்கோ உட்கார்ந்து வலை பின்னுவதாகவும், தான் இருட்டுக் குடிசைக்குள் தூங்குவதாகவும் நினைத்தாள். தூங்கிவிடலாம் போலிருந்தது. கண் தானாக மூடியது.

எவ்வளவு நேரமோ தெரியாது. மூடிய இமைக்குள் சிவப்பு ஏறியது. முகம் வெதுவெதுத்தது. மழை நின்றிருந்தது. காற்றும் அடங்கியிருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். மேகத்தில் ஒரு கிழிசல். அதன் வழியாகச் சூரியன்.

வயிற்றிலிருந்து எழும்பி வந்தது அந்தத் தும்மல். உடனே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பிறந்ததிலிருந்து அப்படித் தும்மியதில்லை. உடம்பு முழுக்கக் குலுங்கி, கால் உதைத்து, தூக்கம் சிதறிப்போயிற்று.

நாகலெட்சுமி அப்போதுதான் தண்ணீருக்கு மேலே வந்திருந்தாள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"எது?"

"ராமு மேலதான் இருக்கா. அங்கன, அந்தப் பக்கம். வள்ளத்தத் திருப்பு."

ராமலெட்சுமியை வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. நாகலெட்சுமி தன் ஈரச் சேலையாலேயே அவளைச் சுற்றி, கரை வரும்வரை மடியில் போட்டுக்கொண்டாள். மருமகள் தும்மும்போதெல்லாம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். நூறு என்று சொல்கிறாளோ என்று ராமலெட்சுமிக்குத் தோன்றியது. கரையில் நம்புராஜன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் நீட்டி அவளை வாங்கிக்கொண்டான்.

உடம்பு தேறியதும், நேர்ந்துகொண்டதாகச் சொல்லி நாகலெட்சுமி அவளை ராமேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கும்பிட்டு முடித்து, நீண்ட பிராகாரத்தின் இருட்டில் இருவரும் நடந்து வந்தார்கள். தீர்த்தமாடியவர்களின் ஈரக்கால் பட்டுக் கல்தரை பளபளத்தது. தூண்களுக்கு அந்தக் கடைசியில் கிழக்கு வாசல் ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. அதற்குள் போவதற்கு முன்பே ராமலெட்சுமி முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டினாள். எதிரே அக்னி தீர்த்தக் கடல் முழுவதும் வெயில். தும்மினாள்.

உடனே பக்கத்தில் இன்னொரு தும்மல் கேட்டது.

திரும்பினாள். வடக்கத்திப் பெண் ஒருத்தி. நனைந்த சேலை, கை நிறையக் கண்ணாடி வளையல். அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் மறுபடி ஒருசேரத் தும்மல் வந்தது. அந்தப் பெண் விரலை உயர்த்திச் சூரியனைக் காட்டி, பிறகு தன் மூக்கைத் தொட்டாள். ராமலெட்சுமி தலையாட்டினாள். தானும் சூரியனைக் காட்டித் தன் மூக்கைத் தொட்டாள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். அதற்குள் அவளுடைய ஆள்கள் கூப்பிட, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூட்டத்தில் போனாள்.

"யாரு, தெரிஞ்சவளா?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"இல்ல அத்த."

"பின்ன என்னத்துக்கு அப்படிச் சிரிச்ச?"

"அவளுக்கும் வெயில் பட்டாத் தும்மல் வருது."

நாகலெட்சுமி கூட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிழல் விழுந்த ஓரமாகச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே அத்த."

"அடுத்த பஸ்ஸுக்குப் போவோம். உக்காரு. இன்னும் யாரு தும்முறான்னு பாப்போம்."

ராமலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டுக்குள்ளிருந்து ஆள்கள் வெளிச்சத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.